காந்தம் ஒட்டாத அம்பாசடர்

போன மாதம் விழுப்புரத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆய்வாளனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வது மரியாதை. அவன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான் என்று நம்புவது மூடநம்பிக்கை. நான் நாற்பது நிமிடம் கூடுதலாகப் பேசினேன்; வெளியே டீ ஆறிப்போனது. எல்லோரும் போன பிறகு, புதிதாக மோட்டார் வாகன ஆய்வாளராகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் தனியாக வந்து நின்றார். வானூர் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கார் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை.

"சார், இது பிரயோஜனமான பொழுதுபோக்கா, இல்ல வெறும் பைத்தியமா?" என்றார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கார் வாங்கிய விஷயம் வீட்டில் இன்னும் தெரியாதாம்.

அன்று எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அரசு அலுவலகத்தில் அதற்கு "சொல்ல மாட்டேன்" என்று பொருள். ஆனால் எனக்கு இப்போது வேறு வேலை இல்லாததால் உண்மையாகவே யோசித்தேன். பதிலை அவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். காருக்கு அடியில் படுத்துக்கிடப்பவன் தெரிந்துகொள்ள வேண்டியதும், அந்தக் காரைப் பரிசோதிக்கப் பேனாவோடு நிற்பவன் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதில் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கதவின் ஓரத்தில் ஒரு பொட்டு அளவு துரு தெரிந்தால், உள்ளே அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். நீங்கள் தேடும் உதிரி பாகம் எப்போதும் "போன வாரம்தான் வித்துப் போச்சு". டிங்கர் கடைக்காரர் சொல்லும் தேதிக்கும் நாள்காட்டிக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் முதுகு போகும். நல்ல சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிரீஸ் துணியாகும். உறவினர் வீட்டு விசேஷங்களில் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் விழும். எந்த வகையில் பார்த்தாலும் கட்டுப்படியாகாத வேலை. இதை இங்கேயே நிறுத்திக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நீங்களும் நன்றி சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் இரண்டு கார்கள் குறுக்கே நிற்கின்றன.

முதல் காரில் தவறு செய்தவன் நான். தொண்ணூற்று மூன்றாம் வருடம், விழுப்புரம் தனி மாவட்டமான சமயம். மாவட்டம் புதிது, அலுவலகம் புதிது, நானும் புதிது. மூன்றில் எனக்குத்தான் தலைக்கனம் அதிகம். முகையூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தம்முடைய பழைய காரைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுவந்தார். சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காரின் சீட்டு உறைகளை அவரே தையல் மெஷினில் தைத்திருந்தார். கோடு போட்டது போல நேர்த்தியான தையல். கை பிரேக் பிடிக்கவில்லை, ஒரு பக்க ஹெட்லைட் மேலே பார்த்தது. குறை அவ்வளவுதான். அரை நாள் வேலை.

சுற்றிலும் லாரி டிரைவர்கள் இருபது பேர் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு நீளும். "ஐயா, இதை எங்கிட்ட கொண்டுவரக் கூடாது. தொல்லியல் துறைக்குக் கொண்டுபோகணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். காகிதங்களை வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அன்று மாலை என் மேலதிகாரி கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வண்டியப் பாக்கத்தானய்யா உனக்குச் சம்பளம்? ஆளை எதுக்குப் பெயில் பண்ண?" என்றார். நான் விதி எண்ணைச் சொல்லி விளக்க ஆரம்பித்தேன். அவர் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து விக்கிரவாண்டியில் ஒரு சாலையோர ஓட்டல் வாசலில் அந்தக் காரைப் பார்த்தேன். சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்தி, கூரை மேல் "சைவம் அசைவம்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். சீட்டுத் தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டாவது கார் திண்டிவனத்தில் வந்தது. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் இருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பரிசோதனைத் திடலுக்குள் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. வெண்ணெய் நிறம். பக்கவாட்டில், படகுக்கு அடிப்பார்களே, அது போல ஒரு விரல் கனத்தில் பச்சைக் கோடு. ஓட்டி வந்தவர் ஏகாம்பரம். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த போட் இன்ஜின் மெக்கானிக். கிட்டத்தட்ட ஐம்பது வயது. அவரோடு காரில் இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவரும் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள். மூத்தவர் பெயர் கலியபெருமாள். மற்றவர் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை.

"எஃப்.சி.க்கு வந்திருக்கோம் சார்" என்றார் ஏகாம்பரம். சொந்தக் காருக்கு அது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று அல்ல, பதிவுச் சான்று புதுப்பித்தல். இதை நான் இருபத்து மூன்று வருடம் மக்களிடம் திருத்திப் பார்த்தேன். நீங்களும் திருத்திப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி மாதிரி.

காகிதங்கள் ஒழுங்காக இருந்தன. ஏதோ ஒரு நகல் குறைந்ததால் அவர் அதை எடுக்க எதிர்க்கடைக்கு ஓடினார். அந்த இடைவெளியில் கலியபெருமாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லிக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. இவன்கிட்ட எங்க குப்பத்துல யாரும் இன்ஜின் குடுக்கறதில்ல. ஆறு வருசமாச்சு."

விஷயம் இதுதான். ஆறு வருடங்களுக்கு முன் கலியபெருமாளின் இன்ஜினை ஏகாம்பரம் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். மறுநாள் நடுக்கடலில் அது நின்றுவிட்டது. படகில் நான்கு பேர். ஒரு பகலும் ஒரு இரவும் மிதந்து, கடைசியில் புதுச்சேரிப் பக்கத்துப் படகு ஒன்று பார்த்துக் கட்டி இழுத்துவந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

"இன்ஜின் நின்னதுக்கு நான் கோச்சிக்கல சார். கடல்ல எதுதான் நிக்காது? கரைக்கு வந்து கேட்டா, மண்ணெண்ணெயில தண்ணி கலந்துட்டேன்னு எம்மேலயே திருப்பறான். ஊர்க் கூட்டத்துல நின்னுக்கினு கடைசி வரைக்கும் அதையே சொல்றான். அத்தோட முடிஞ்சிது."

அதன் பிறகு குப்பத்து இன்ஜின்கள் எல்லாம் பழுது பார்க்கப் புதுச்சேரிக்குப் போயின. ஏகாம்பரத்தின் மனைவி தனம் மீன் கூடை சுமந்து விற்றுத்தான் வீடு ஓடியது. கை சும்மா இருக்க முடியாத ஏகாம்பரம், உப்பளத்துக் கொட்டகையில் பத்து வருடமாகக் கிடந்த இந்த அம்பாசடரைக் கொண்டுவந்து போட்டார். உப்புக் காற்றில் பத்து வருடம் நின்ற கார் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கியைத் திறந்தபோது மூடி கையோடு வந்துவிட்டதாம். ஊரே வேடிக்கை பார்த்தது. அதற்கு ஊறுகாய் என்று பெயர் வைத்தார்கள். அவர் ஐந்து வருடம் அதனோடு மாரடித்தார்.

போன மாசிமகத்தன்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று ஏகாம்பரம் கேட்டிருக்கிறார்: கவர்மெண்டு ஆளு இந்தக் காரைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால், மறுபடி என்னிடம் இன்ஜின் கொடுப்பீர்களா? கூட்டம் யோசித்து, கொடுக்கிறோம் என்றது.

"அதான் சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரு வந்தோம்" என்றார் கலியபெருமாள். "நீங்க பாத்து நியாயமா போடுங்க. அவனுக்காகவும் வேணாம், எங்களுக்காகவும் வேணாம்."

என் கையெழுத்துக்கு அவ்வளவு கனம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதுவரை அது நாளைக்கு நாற்பது முறை போட்டு, மை தீர்ந்தால் பேனாவைத் திட்டும் சமாச்சாரம். ஒரு மனிதன் தொழிலுக்குத் திரும்புவானா மாட்டானா என்பது அதில் தொங்கும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை.

நகல் வந்தது. வேலையைத் தொடங்கினேன். இன்ஜினைப் போட்டார். தம்பிகளே, தங்கைகளே, நான் ஆயிரக்கணக்கான அம்பாசடர் இன்ஜின்களின் இருமலைக் கேட்டவன். இது இருமவில்லை. ரேடியேட்டர் மூடி மேல் டீ டம்ளரை வைத்தால் அலை எழும்பாது. நானே புறவழிச் சாலை வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நேர்கோட்டில் பிடித்தது. ஸ்டீயரிங் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. கதவுகள் ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொண்டன. மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றே சொல்லலாம்.

பிறகு, வழக்கத்தைக் கைவிட மனமில்லாமல், கோணியை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். அடிப்பக்கம் பார்க்கக் குழி வெட்டித் தரும்படி நான் எழுதிய கோப்பு அப்போது நான்காவது வருடமாகச் சென்னையில் பரிசீலனையில் இருந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பேன். பெயின்டுக்குக் கீழே இரும்பு இருக்கிறதா, பட்டி பூசி மெழுகியிருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

கதவுக்குக் கீழே, ஏறும் படிப் பக்கம் வைத்தேன். ஒட்டவில்லை. காரின் தரைத் தகட்டில் வைத்தேன். நடுவில் ஒட்டியது, ஓரத்தில் நழுவியது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் காரின் உடம்போடு சேரும் இடம் ஒன்று இருக்கிறது. காரின் பின்பாதி எடையெல்லாம் அங்கேதான் தொங்குகிறது. அங்கே வைத்தேன். காந்தம் என் நெஞ்சின் மேல் விழுந்தது.

அது பட்டி அல்ல. கையால் தடவிப் பார்த்தால் கண்ணாடி போல வழவழப்பு. பைபர். கடலோரத்தில் படகு ஓட்டையானால் பைபர் துணியை விரித்து, ரெசின் ஊற்றி, அடுக்கு அடுக்காக ஒட்டுவார்களே, அதையே செய்திருக்கிறார். துரு தின்ற இரும்பையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, காரைப் படகாக்கியிருக்கிறார். அவ்வளவு சுத்தமான பைபர் வேலையை நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஆபத்தான காரையும் பார்த்ததில்லை. அந்த ஸ்பிரிங்கை நம்பி மூன்று பேர் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரை வந்திருக்கிறார்கள்.

அடியிலேயே படுத்துக்கிடந்தேன். நான் தூங்கிவிட்டதாக எங்கள் எழுத்தர் நினைத்தாராம்.

யோசனை இப்படிப் போனது. படிவத்தில் "தரை எதனால் செய்யப்பட்டது?" என்று ஒரு கேள்வி கிடையாது. இருக்கும் கட்டங்கள் அத்தனையிலும் டிக் போடலாம். எவனும் என்னைக் கேட்க முடியாது. போட்டால் ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரியும். என்றைக்கோ ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் கழன்று இன்னொரு குடும்பத்தின் அடுப்பு அணையும். சரி, போடக் கூடாது. அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே எழுந்து போய், அந்த இரண்டு சாட்சிகள் முன்னால் "பெயில்" என்று சொன்னால்? அது முறைப்படி சரி. அந்த மனிதரைப் பொறுத்தவரை, அவர் கையால் செய்தது எதுவும் உருப்படாது என்று அரசாங்க முத்திரையோடு எழுதிக் கொடுத்தது போல.

பரிசோதனை முறையெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முடிவை யார் வாயால், யார் முன்னால், எந்த வரிசையில் சொல்வது என்பதற்கு முறை கிடையாது. அதுதான் உங்கள் வேலை. மற்றதைக் காந்தமே செய்துவிடும்.

தலையை வெளியே நீட்டி, இன்னும் அரை மணி நேரம் ஆகும், இருவரும் போய் டீ சாப்பிட்டு வாருங்கள் என்று சாட்சிகளை அனுப்பினேன். அவர்கள் ரோட்டைத் தாண்டியதும் ஏகாம்பரத்தைக் கீழே கூப்பிட்டேன்.

"இன்னா சார், ஆயில் கசியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் படுத்தார். காந்தத்தை அவர் கையில் கொடுத்து, வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். விழுந்தது. அவர் சிரித்தார்.

"பைபர் சார் அது. காந்தம் எப்பிடிப் புடிக்கும்? இரும்பு வச்சா ரெண்டு வருசத்துல உப்புக் காத்து தின்னுடும். இதுக்குத் துருவே கெடையாது. நாலு மடிப்பு போட்டிருக்கேன். கடல்ல அலை அடிக்கிற அடியையே தாங்குது, ரோட்ல தாங்காதா?"

நல்ல கேள்வி. படகில் அந்த அடி முழுப் பலகையிலும் பரவும், இங்கே எல்லாம் ஒரு போல்ட்டில் வந்து நிற்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி ஜெயித்தும் இருக்கலாம். ஆனால் ஊர்க் கூட்டத்தில் கடைசி வரை விட்டுக்கொடுக்காத மனிதர் இவர். வாதம் செய்தால் வாதம்தான் நீளும். ஜாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

இருவரும் வெளியே வந்தோம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியை அந்த ஸ்பிரிங் முனைக்கு நேர் கீழே வைத்து, அவரையே சுற்றச் சொன்னேன். சுற்றினார். கார் கொஞ்சம் உயர்ந்தது. இன்னொரு சுற்று. உள்ளேயிருந்து மெல்ல நெறுநெறுவென்று ஒரு சத்தம், முறுக்கு கடிப்பது போல. அவர் கை நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குனிந்து பார்த்தார். கறுப்பு பெயின்டில் முடி கனத்துக்கு வெள்ளையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஜாக்கியை இறக்கிவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

தரையைப் பார்த்தபடியே சொன்னார். "சார், இன்னைக்கு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. தனம் மேல சத்தியமா நாளைக்கே இதைப் பிரிச்சிடுறேன். ரோட்ல எடுக்கவே மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் பாக்கறதுக்கு மட்டும்."

பொய் சொல்லவில்லை அவர். நிச்சயம் பிரித்திருப்பார். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மிரட்டல் வரும், சிபாரிசு வரும். அவற்றைச் சமாளிப்பது சுலபம், கோபம் உதவிக்கு வரும். இப்படிக் கெஞ்சும்போது உதவிக்கு எதுவும் வராது. நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

"போட முடியாது ஏகாம்பரம்" என்றேன். "குறையை எழுதி, சரிபண்ணிக் கொண்டாங்கன்னு உங்க கையில காகிதம் குடுப்பேன். அவங்ககிட்ட நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவங்க கேட்டா மறைக்கவும் மாட்டேன். என்ன சொல்றதுங்கறது உங்க பொறுப்பு."

இதைச் சொன்னதற்காக நான் பெருமைப்படவில்லை. எழுதும்போது பேனா சரியாக எழுதவில்லை என்று ஒரு பாவமும் செய்யாத அதை உதறிக்கொண்டே இருந்தேன்.

சாட்சிகள் வந்துவிட்டார்கள். கலியபெருமாள் என்னிடம்தான் கேட்டார், "இன்னா சார், ஆச்சுங்களா?"

நான் காகிதத்தில் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய தேதி எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"ஆவல" என்றது ஏகாம்பரத்தின் குரல். "அவரைக் கேக்காத. வா, நான் காட்டறேன்."

கலியபெருமாளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குனியவைத்து விரிசலைக் காட்டினார். போட்டுக்கு ஒட்டுகிற மாதிரி காருக்கும் ஒட்டிவிட்டேன், புத்தி போகவில்லை, வரும் வழியிலேயே உடைந்திருந்தால் மூன்று பேரும் போயிருப்போம் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் சொல்லியிருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு நிமிர்ந்தார். காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னிக்கு ஒன் மண்ணெண்ணெயில தண்ணி இல்ல, கலியபெருமாளு. புது வாசர் கைவசம் இல்ல. பழசையே திருப்பிப் போட்டு மாட்டிட்டேன். அதான் நின்னுது."

திடலில் ஒரு டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. அது போய்ச் சத்தம் அடங்கியது.

"இதைச் சொல்ல ஆறு வருசமாடா ஒனக்கு?" என்றார் கலியபெருமாள். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாயே திறக்காத அந்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். ஏகாம்பரம் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காரை ஓட்டிப்போக நான் விடவில்லை. உப்பு இறக்கிவிட்டு மரக்காணத்துக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றைப் பிடித்து, பின்னால் கட்டி அனுப்பினோம். கயிறு எத்தனை அடி, என்ன வேகம், எங்கே சிவப்புத் துணி கட்டுவது என்பது வரை விதிப்படி சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல விதி இல்லாததால் அதைச் சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

குறைகளைச் சரிசெய்து மறுபடி கொண்டுவரக் கொடுத்த கெடு முடிந்தது. கார் வரவில்லை. நினைவூட்டு அறிவிப்பு அனுப்பினேன். பதில் இல்லை. முகையூர்ப் பெரியவரின் தையல் போட்ட சீட்டு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. இந்த முறை நாக்கை அடக்கித்தானே இருந்தோம், இருந்தும் அதே முடிவா என்று எனக்கு நானே சலித்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, உப்பு லாரிகளைத் தணிக்கை செய்ய மரக்காணம் போக வேண்டிவந்தது. மதியம் வேலை முடிந்ததும் ஜீப்பைக் குப்பத்துப் பக்கம் விடச் சொன்னேன். அதற்கு அலுவலகக் காரணம் எதுவும் இல்லை. பயணக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினேன், அதைத் தேடாதீர்கள்.

வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் தண்ணீர் நிறைந்த டிரம் ஒன்றில் போட் இன்ஜின் ஒன்று அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் காதை வைத்துக்கொண்டு ஏகாம்பரம் நின்றார். மரச்சட்டத்தில் இன்னும் மூன்று இன்ஜின்கள் வரிசையில் காத்துத் தொங்கின. ஒன்று கலியபெருமாளுடையது, இரண்டாம் முறையாக வந்தது. அன்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போன அந்த மனிதர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் இன்ஜினைத் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். "வாசர் புதுசு போடு" என்று மட்டும் சொன்னாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்திருக்கிறார்கள்.

கார் பின்னால் கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. ஒரு பக்கம் பைபரை அறுத்தெறிந்துவிட்டு இரும்பு வைத்து வெல்டிங் செய்திருந்தார். நல்ல வேலை. மறுபக்கம் கல் மேல் ஏற்றியபடி அப்படியே கிடந்தது. பின் சீட்டு முழுக்க இன்ஜின் விசிறிகளும் ஆயில் டப்பாக்களும்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "நோட்டீசு வந்திச்சி சார். தனம் பத்திரமா எடுத்து வச்சிருக்கா. நேரந்தான் இல்ல. கையில இன்ஜின் வந்துக்கினே இருக்குது."

உள்ளேயிருந்து தனம் வந்தார். அந்தக் காரைக் காயலான் கடையில் போடச் சொல்லி ஐந்து வருடம் சண்டை போட்டவர் என்று கலியபெருமாள் அன்று சொல்லியிருந்தார். மோர் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்களாச்சும் கேளுங்க சார். எப்ப முடிப்பே, எப்ப முடிப்பேன்னு இப்ப நானே கேட்டுக்கினு கெடக்கறேன். அம்மாந்தூரம் பாடுபட்டுட்டு, ஒரு நாளு குந்திக்கினு போக வாணாமா?"

"மழை முடியட்டும்" என்றார் ஏகாம்பரம். இன்ஜினை நிறுத்தவில்லை.

ஆகவே, முந்திரித் தோப்புக் காரரே, உங்கள் கேள்விக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற அந்தக் கார், எனக்குத் தெரிந்து, கடைசி வரை ரோட்டுக்கு வரவில்லை. அது வீண் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. கைக்கு வேலை இல்லாத காலத்தில் அந்தக் கையை அது பிடித்து வைத்திருந்தது. தப்பை ஒப்புக்கொள்ள ஒரு இடம் கொடுத்தது. நீங்கள் எதற்காக அந்தக் காருக்கு அடியில் படுக்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். வாங்கியாகிவிட்டது, பிரித்துப் போடுங்கள், இரும்புக்கு இரும்பையே வையுங்கள். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

திண்டிவனம் திரும்பியதும் அந்தக் கோப்பை முடிக்க வேண்டியிருந்தது. கெடு கடந்த விண்ணப்பத்தை முடிக்கும்போது காரணம் எழுத வேண்டும். வழக்கமான காரணங்கள் மூன்று: உரிமையாளர் இல்லை, வாகனம் இல்லை, விருப்பமில்லை. நான் "விண்ணப்பதாரருக்கு வேலை அதிகமாக உள்ளதால் வாகனம் ஆஜர்படுத்தப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்காணிப்பாளர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்படி ஒரு காரணம் நடைமுறையிலேயே கிடையாது, தணிக்கையில் கேட்பார்கள் என்றார். கேட்டால் என்னிடம் அனுப்புங்கள் என்றேன். நான் ஓய்வு பெறும் வரை யாரும் கேட்கவில்லை.